சில்லு உருட்டும் சிறுவரும் இன்றைய கலைக்கூடமும்

தமிழ் வழக்கிலே விளையாட்டு என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்று ஒருவர் கூறுமிடத்து, அவர் சொன்னது பொருட்படுத்தத் தகாதது என்பதே கருத்து. 'திருவிளையாடல்' என்னுமிடத்தோ, அதே வேரிற் பிறந்த சொல் இறைவனின் செயல் முழுவதையும் தன்னுள் அடக்கி நிற்கின்றது. ஒரே சொல் இவ்வாறு கீழும் மேலும் ஒருங்கே சுட்டுவது தற்செயலன்று. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தெய்வத்தையும் அரசனையும் பாடப் புகுந்தபோது, ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் பெண்பாற்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் குழந்தை விளையாட்டுக்களையே இறுதிப் பருவங்களாக வைத்தனர். விளையாட்டைக் கலையாக்குதல் தமிழுக்குப் புதியதொன்றன்று என்பதை முதலிற் கூறிவைப்பது நன்று. ஏனெனில், இக்கட்டுரையிற் பேசப்படுவன யாவும் தூரதேசத்துச் செய்திகள்.

ஒல்லாந்து நாட்டு வரலாற்றாசிரியர் யொஹான் ஹொய்சிங்கா 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹோமோ லூடன்ஸ்' என்னும் நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். விளையாட்டு எங்கே தொடங்குகின்றதோ அங்கே அன்றாட உலகிலிருந்து ஓரிடம் பிரிக்கப்படுகின்றது. அவ்விடத்துக்கெனத் தனி ஒழுங்கு பிறக்கின்றது. ஆடுகளமும் நாடக மேடையும் கோயிலும் நீதிமன்றமும் இவ்வகையில் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பது அவர் கொள்கை. கிளித்தட்டு மறித்தவர்கள் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்திற் கோடு கீறிய கணத்திலிருந்து அந்தக் கோடு சுவரினும் வலியதாகிவிடுகின்றது. ஆட்டம் முடிந்ததும் அது வெறும் மண்.

இந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய் ஒரு கலைக்கூடத்தில் வைத்தால் யாது நிகழும்? கோடும் அதன் வலிமையும் கூடவே போகுமா, மண் மட்டும் போகுமா? கடந்த நூறாண்டுக் காலத்தில் உலகின் பல பாகங்களிலும் கலைஞர்கள் இவ்வினாவுக்குப் பலவாறாக விடையிறுக்க முயன்றுள்ளனர். சில விடைகள் மிக ஆழமானவை. சில, காசு கொடுத்து ஏறும் இராட்டினத்தின் தரத்தைத் தாண்டாதவை.

சுழன்று நின்ற சில்லு

ஒரு படத்தைச் சுவரில் மாட்டாமல், ஒரு சிலையைப் பீடத்தில் நிறுத்தாமல், ஓர் அறை முழுவதையுமே கலைப்பொருளாக்கிப் பார்ப்பவரை அதனுட் புகச் செய்யும் முறையை நம் நாட்டு விமரிசகர்கள் தாபனக் கலை என வழங்குவர். மரமும் துணியும் பழைய தளபாடமும் ஓவியமும் ஒலியும் திரைப்படமும் அதில் ஒன்றாகக் கலக்கலாம். அதனாற் கலப்பு ஊடகம் என்னும் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

இம்முறைக்கு வழிகோலியவர்களுள் ஒருவரான மார்செல் டூஷாம், 1913 இற் செய்த ஒரு சிறு காரியத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். துவிச்சக்கரவண்டியின் முன்சில்லு ஒன்றை அதன் கவையுடன் கழற்றி, தலைகீழாக ஒரு முக்காலியின் மேற் பொருத்தினார். அது கண்காட்சிக்காகச் செய்யப்பட்டதன்று. வேலையறையில் இருந்தபடி அவ்வப்போது அதைக் கையாற் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில், அடுப்பில் ஆடும் தீயைப் பார்ப்பதுபோன்ற இன்பம் தமக்கு உண்டென்று அவர் பிற்காலத்திற் கூறினார். எந்தச் சிறுவனும் செய்யக்கூடிய காரியம். அந்த முதற் சில்லு தொலைந்துபோயிற்று. 1951 இல் அவரே அமைத்த பிரதியொன்று நியூ யோர்க் நவீன கலை நூதனசாலையில் உள்ளது. அது கலை வரலாற்றின் சின்னமாகிவிட்டபடியால் இன்று எவரும் அதைத் தொட முடியாது. சுழற்றுவதற்காகப் பிறந்த சில்லு, போற்றப்பட்டதனாலேயே நின்றுபோயிற்று. விளையாட்டைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொருவரும் முகங்கொடுக்கவேண்டிய ஆபத்து இதுவே.

சிலர் விளையாட்டின் விதியில் ஒன்றை மாற்றி இவ்வாபத்தைக் கடக்கப் பார்த்தனர். யோகோ ஓனோ 1966 இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்த சதுரங்கத்தில், பலகையின் கட்டங்களும் இருதரப்புக் காய்களும் வெள்ளை. ஆட்டம் முற்றும்போது தன் காய் எது, எதிரியின் காய் எது என்பது ஆடுவோருக்கே மறந்துபோகும். போரைத் தொடர வழியில்லை. மெக்சிக்கோ நாட்டவரான கபிரியேல் ஒரோஸ்கோ 1998 இல் அமைத்த மேசைப்பந்து மேடை வேறொரு வகை. நான்கு பாதி மேசைகளைச் சிலுவை வடிவிற் சேர்த்து, வலை இருக்கவேண்டிய நடுவிடத்தில் அல்லி மிதக்கும் சிறு குளமொன்றை வைத்தார். இருவர் ஆட்டம் நால்வர் ஆட்டமாகியது. பிரிக்கும் வலைக்குப் பதிலாக எல்லாருக்கும் பொதுவான நீர். இதற்கு இரண்டாண்டு முன்னர், குழிகள் இல்லாத நீள்வட்டப் பில்லியட் மேசையின்மேற் சிவப்புப் பந்தைக் கூரையிலிருந்து ஊசல்போலத் தொங்கவிட்டிருந்தார். அடிபட்ட பந்து அகன்றுபோய்த் தானாகவே திரும்பி வரும். பார்ப்பவர் கோலை எடுத்து ஆடலாம். ஆனால் எப்படி ஆடுவது என்பதை ஆடியே கண்டுபிடிக்கவேண்டும். இவை கூர்மையான மதியின் விளைபொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றில் விளையாடுவோர் வளர்ந்தவர்களே. குழந்தை இங்கில்லை.

இலண்டன் ரேற் மொடேர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் 2006 ஆம் ஆண்டில் கார்ஸ்ரன் ஹோலர் நிறுவிய ஐந்து சறுக்குக் குழாய்களைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூட்டம் வந்தது, வழுக்கியது, சிரித்தது, வீடு சென்றது. கலைஞர் அதற்குக் கூறிய தத்துவ விளக்கங்களைவிட, வழுக்கியவர்களின் கூக்குரலே உண்மையானது என்பது என் கருத்து.

நூதனசாலைக்குள் மூன்று வாரம்

குழந்தைகளையே மண்டபத்துக்குள் விட்டுவிட்ட முயற்சி ஒன்று உண்டு. அது சிறிது விரிவாகக் கூறத் தக்கது. 1968 ஆம் ஆண்டு, ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் மாணவர் கிளர்ந்தெழுந்த ஆண்டு. டென்மார்க் நாட்டு இளைஞர் பல்லே நீல்சன், கொப்பன்ஹேகனின் பின்முற்றங்களில் அனுமதியின்றியே சிறுவருக்கு விளையாட்டிடங்கள் அமைத்துக் கொடுத்தவர். அவர் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகர நவீன கலை நூதனசாலையை அணுகி, அதன் மண்டபத்தைச் சிறுவருக்குத் திறந்துவிடக் கேட்டார். நூதனசாலைத் தலைவர் பொன்ருஸ் ஹூல்ரென் இசைந்தார். செப்ரெம்பர் இறுதியிலிருந்து ஒக்ரோபர் 23 வரை, ஏறத்தாழ மூன்று வாரம், அந்த மண்டபம் பெரியதொரு மரச்சாரமாயிற்று. குதித்து விழுவதற்கு இறப்பர் நுரை நிரம்பிய பள்ளம், ஏறுவதற்குப் பாலங்கள், கட்டுவதற்குப் பலகையும் சுத்தியலும் ஆணியும், பூசுவதற்கு வர்ணம், தாமே இயக்குவதற்கு இசைத்தட்டுக்களும் ஒலிபெருக்கிகளும். அரச நாடக அரங்கின் பழைய ஆடைகளும், மாவோ, ஜோன்சன், டி கோல், காஸ்ரோ ஆகியோரின் முகமூடிகளுங்கூட இருந்தன. உலகத் தலைவர்களாக வேடமிட்டுக்கொண்டு பிள்ளைகள் நுரைக்குள் குதித்தனர். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இலவசம், கட்டணம் வளர்ந்தோருக்கே. வந்தோர் தொகை முப்பத்துமூவாயிரத்துக்கு மேல் என்றும், அவருட் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர் என்றும் பதிவுகள் கூறுகின்றன.

நீல்சன் இதற்கு இட்ட பெயர் 'மாதிரி'. தரமான ஒரு சமுதாயத்துக்கான மாதிரி என்பது அதன் முழுப்பொருள். பிள்ளைகள் தம்முட் கூடி ஆடும்போது என்ன வகை உறவு தோன்றுகின்றதோ, அது வளர்ந்தோர் சமுதாயத்துக்கு ஒரு முன்வரைவாகலாம் என அவர் நம்பினார். அக்காலத்து இளைஞருக்கே உரிய பெருநம்பிக்கை என்று இன்று நாம் புன்னகைக்கலாம். ஆனால் ஓர் ஆண்டு நிறைவுக் கொண்டாட்டமோ விளம்பரமோ இன்றி, விலைமதிப்பற்ற சித்திரங்களுக்கான மண்டபத்தைச் சுத்தியலேந்திய பிள்ளைகளிடம் ஒப்படைக்க ஒரு நூதனசாலை துணிந்தது. அது புன்னகைக்குரியதன்று. 2014 இல் டென்மார்க்கின் ஆர்க்கன் நூதனசாலை இதனை மீண்டும் அமைத்தது. கலை வரலாற்றிற் பெயர்பெற்ற பின்னர் மீண்டும் அமைக்கப்படும் எதுவும் முதன்முறை போன்றதாகாது. டூஷாமின் சில்லுக்கு நேர்ந்ததே இதற்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம்.

அன்ற்வேர்ப்பிலிருந்து இருவர்

1560 இல் பீற்றர் புரூகல் என்னும் ஓவியர் 'சிறுவர் விளையாட்டுக்கள்' என்ற பலகை ஓவியத்தைத் தீட்டினார். இன்று அது வியன்னா நகரில் இருக்கின்றது. ஒரு நகரச் சதுக்கம். அதில் இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுக்கள். இடப்பக்க மூலையில் இருவர் எலும்புத் துண்டுகளை எறிந்தேந்தி ஆடுகின்றனர். நம்மூர்ப் பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டுவதைப் பார்த்தவருக்கு அந்தக் கைவாகு நன்கு தெரிந்ததே. முன்புறத்தில் இருவர் வளையம் உருட்டிக்கொண்டு வருகின்றனர். ஊரையே பிள்ளைகள் கைப்பற்றிக்கொண்டாற்போன்ற காட்சி. இதில் ஒரு விசித்திரம்: சிரிக்கும் முகம் அரிது. யாவரும் ஏதோ பாரிய அலுவலில் ஈடுபட்டவர்போல் முனைப்புடன் இருக்கின்றனர். பிள்ளை விளையாடும்போது விளையாடுவதில்லை என்பதைப் புரூகல் கண்டிருந்தார்.

அவ்வோவியம் தீட்டப்பட்ட காலத்தில் புரூகல் வாழ்ந்த அன்ற்வேர்ப் நகரிலேயே, நாலு நூற்றாண்டு கழித்து, 1959 இற் பிறந்தவர் பிரான்சிஸ் அலீஸ். கட்டடக்கலை பயின்றவர். 1985 இன் நிலநடுக்கம் மெக்சிக்கோ நகரைச் சிதைத்ததை அடுத்து, 1986 இல் அங்கு பணிக்குச் சென்று, அங்கேயே தங்கிக் கலைஞரானவர். கட்டடம் கட்டப் பயின்றவர் கட்டடங்களுக்கு இடையிலுள்ள தெருவைத் தம் பட்டறையாக்கிக்கொண்டது சுவையான திருப்பம்.

1999 இல் மெக்சிக்கோ நகரின் செங்குத்தான தெருவொன்றில், ஒரு சிறுவன் பிளாஸ்ரிக் போத்தலை மேல்நோக்கி உதைத்துச் செல்வதை அவர் படம் பிடித்தார். போத்தல் உருண்டு கீழே வரும். அவன் மீண்டும் உதைப்பான். கிரேக்கக் கதையிற் சிசிப்பஸ் உருட்டிய பாறைக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: சிசிப்பஸுக்கு அது தண்டனை, சிறுவனுக்கு அது பொழுதுபோக்கு. 'சிறுவர் விளையாட்டுக்கள்' என்னும் தொடரின் முதற்படம் அதுவே. அதன்பின் மொரோக்கோவிற் கடல்மீது தட்டைக் கல் எறிதல், ஆப்கானிஸ்தானிற் பட்டம் விடுதல், ஈராக்கின் அகதி முகாமொன்றிற் கோடு கீறிக் கெந்தி ஆடுதல், ஹொங்கொங்கிற் கயிறடித்தல், பெல்ஜியத்தில் நத்தைகளுக்கு நிறம் பூசி ஓட்டப்பந்தயம் விடுதல் எனத் தொடர் நீண்டு, நாற்பதளவில் எட்டிவிட்டது. படங்கள் பெரும்பாலும் சில நிமிடங்களே ஓடுவன. விளக்கவுரை இல்லை. கமரா பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி நிற்கும்.

வெனிஸ் நகரில் 2022 இல் நடந்த ஈராண்டுக் கலைவிழாவிற் பெல்ஜிய மண்டபத்தில் இப்படங்கள் காட்சிப்படுத்தப்பட்ட முறை கவனிக்கத் தக்கது. வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அவை ஓடவில்லை. மண்டபமெங்கும் நின்ற பல திரைகளில் ஒரே நேரத்தில் ஓடின. ஒரு நாட்டுப் பிள்ளையின் கூவல் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் சிரிப்புடன் கலந்தது. நடுவில் நிற்பவருக்கு, பாடசாலை இடைவேளை மணி அடித்ததும் முற்றத்தில் எழும் இரைச்சல் காதில் விழும். பக்கத்து அறைகளில், அவர் போர் நிலங்களிற் பயணம் செய்தபோது தீட்டிய உள்ளங்கையளவு ஓவியங்கள். புரூகலின் சதுக்கம் திரைகளாற் கட்டப்பட்ட அறையாயிற்று எனின் மிகையாகாது.

காபூலின் படச்சுருள்

அலீஸின் ஆக்கங்களுள் மிகச் சிறந்தது எதுவென என்னைக் கேட்பின், இத்தொடருக்கு வெளியே நிற்கும் ஒன்றைத்தான் கூறுவேன். 2011 இல் அவர் யூலியன் டெவோ, அஜ்மல் மைவான்டி என்னும் இருவருடன் சேர்ந்து காபூல் நகரில் எடுத்த, ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் படம் அது. 2012 இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த பதின்மூன்றாவது டொக்குமென்ரா கண்காட்சிக்கென ஆக்கப்பட்டது. அவ்வாண்டுக் கண்காட்சியின் ஒரு பகுதி காபூலிலேயே நடைபெற்றது.

ஆப்கான் சிறுவர் பழைய ரயரையோ வளையத்தையோ குச்சியாற் தட்டி உருட்டி ஓடுவர். உலகமெங்கும் உள்ள விளையாட்டுத்தான். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் முக்காற் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை பாடுகின்றது. புரூகலின் சிறுவர் பீப்பாய் வளையம் உருட்டினர். நம்மவர் சைக்கிள் ரயரை விடவில்லை. அலீஸ் இவ்விளையாட்டில் ஒன்றேயொன்றை மாற்றினார். வளையத்துக்குப் பதிலாகச் சினிமாப் படச்சுருளைச் சிறுவர் கையிற் கொடுத்தார்.

ஒரு சிறுவன் சுருளை உருட்டிக்கொண்டு முன்னே ஓடுகின்றான். ஓட ஓடப் படநாடா அவிழ்ந்து தெருவிற் கிடக்கின்றது. இன்னொருவன் வேறொரு சுருளுடன் பின்னே வருகின்றான். அவிழ்ந்த நாடாவை அவன் சுற்றி எடுத்துக்கொண்டே ஓடுகின்றான். இருவருக்கும் இடையே நாடா பாம்புபோல் நெளிகின்றது. பழைய நகரின் ஒடுங்கிய சந்துகள், சந்தை, மோட்டார் வண்டிகள், மலைச்சரிவில் ஒன்றன்மேலொன்றாய் ஏறிய மண்வீடுகள் எல்லாவற்றையும் கடந்து அவர்கள் செல்கின்றனர். நகரம் தன் புழுதியாலும் கல்லாலும் அந்த நாடாவிற் கீறல் போடுகின்றது. படத்தைக் கமரா எடுக்கின்றது என்பது வழமை. இங்கே தெருவே நாடாவிற் தன்னைப் பதித்துக்கொள்கின்றது. வழியில் எரியும் நெருப்பின்மேல் நாடா பட்டு அறுகின்றது. விடுபட்ட சுருள் உருண்டோடி, நகரைப் பார்த்து நிற்கும் மேட்டிலிருந்து கீழே விழுகின்றது.

அதன்பின் திரையிற் சில வரிகள் தோன்றுகின்றன. அவை தரும் செய்தி இது: 2001 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் திகதி, தலிபான்கள் ஆப்கான் திரைப்படச் சுவடிக்கூடத்திலிருந்து ஆயிரக்கணக்கான சுருள்களைக் கைப்பற்றிக் காபூலின் புறத்தே எரித்தனர். தீ பதினைந்து நாள் எரிந்ததென்பது மக்கள் பேச்சு. ஆனால் எரிக்கக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் மீளச் செய்யக்கூடிய பிரதிகள். ஈடுசெய்ய முடியாத மூலப்படங்கள் அல்ல. இதைத் தலிபான்கள் அறிந்திருக்கவில்லை.

இவ்வரிகளைப் படித்த பின்னர், பார்த்த இருபது நிமிடமும் மனத்திலே பின்னோக்கி அவிழ்கின்றது. சிறுவர் உருட்டியது வெறும் வளையமன்று. எரிந்துபோன ஒரு நாட்டின் நினைவு. ஒருவன் அவிழ்க்க மற்றவன் சுற்றியது வேடிக்கையன்று. அழிப்போரும் காப்போரும் ஒரே நாடாவின் இரு நுனிகளில் ஓடும் வரலாறு. ஆயினும் அச்சிறுவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் சுருள் சரியாமற் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவே. பொருளைச் சிறுவர்மேற் சுமத்தாது விளையாட்டின் விதியிலே ஒளித்து வைத்ததுதான் இவ்வாக்கத்தின் வெற்றி என நான் கருதுகின்றேன். ஆங்கிலத்தில் இப்படத்தின் பெயர், சுற்றல் அவிழ்த்தல் என்ற பொருளுடன், செவிக்கு உண்மை, பொய் என்னும் சொற்கள்போலவும் ஒலிக்கும். உலகச் செய்தித் தாபனங்கள் காட்டிய காபூலுக்கும், பிள்ளைகள் ஓடிய காபூலுக்கும் உள்ள இடைவெளியை அப்பெயர் குறிக்கின்றது.

2013 இல் நியூ யோர்க்கில் இது காட்டப்பட்டபோது, படத்துடன் ஓவியங்களும் வரைபடங்களும் சேர்ந்தே வைக்கப்பட்டன. அவ்வோவியங்களிற் பல, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி இல்லாதபோது தோன்றும் நிறப்பட்டைகளைக் கொண்டவை. ஆப்கானிஸ்தானைப்பற்றி நமக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான் என்று சொல்வதுபோல அவை சுவரில் நின்றன. 2021 ஓகஸ்ரில் தலிபான்கள் மீண்டும் காபூலுக்குள் வந்தனர். அதன்பின் இப்படத்தின் இறுதி வரிகளை எவரும் பழங்கதையாகப் படிக்க முடியாது.

சப்பாத்துத் தோணிகள்

காபூலுக்கு மூன்றாண்டு முன்னர், 2008 ஓகஸ்ற் 12 ஆம் திகதி, ஜிப்ரால்ரர் நீரிணையின் இரு கரைகளிலும் இவர் இன்னொரு விளையாட்டை நடத்தினார். ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே அந்நீரிணை மிக ஒடுங்குமிடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். ஸ்பெயினின் ராரிபாவிலும் மொரோக்கோவின் ரான்ஜியரிலும் சிறுவர் கடலோரம் வந்தனர். அவர்கள் கையிற் சப்பாத்திலும் செருப்பிலும் பாய்மரம் நட்டுச் செய்த சிறு தோணிகள். வரிசையாகக் கடலில் இறங்கி, அலை மார்பை மோதும்வரை, அடிவானத்தை நோக்கி நடந்தனர். இரு வரிசைகளும் கடலின் நடுவே சந்திக்கும் என்பது விளையாட்டின் கற்பனை. அலை அவர்களைத் திரும்பத் திரும்பக் கரைக்குத் தள்ளியது.

கலைக்கூடத்தில் இது இரு திரைகளாக வந்தது. அத்துடன் அந்தச் சப்பாத்துத் தோணிகளும் நிலத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. ஓவியங்களும் குறிப்புக்களும் சுற்றிலும் இருந்தன. வெறுஞ் சப்பாத்துக்கள் வரிசையாய்க் கிடப்பதைக் கண்டவர் மனத்தில் அவற்றை அணிந்தவர்கள் எங்கே என்ற வினா எழாமற் போகாது. அந்நீரிணையைச் சிறு தோணிகளிற் கடக்க முயன்று மாண்ட அகதிகள் பலர். நீரிணையொன்றின் கரையிலே வாழும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு மறுப்பு

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். போரிலும் வறுமையிலும் கிடக்கும் பிள்ளைகளின் விளையாட்டைப் படம் பிடித்து, வெனிஸிலும் நியூ யோர்க்கிலும் வசதி படைத்தோர் உலாவும் மண்டபங்களில் வைப்பது, பிறர் துன்பத்தை அழகுப்பொருளாக்குவதாகாதா? இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியன்று. ஈராக்கின் மோசூல் நகரில் 2017 இல் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். அந்நகரைத் தம் பிடியில் வைத்திருந்த ஐ.எஸ். இயக்கத்தினர் உதைபந்தாட்டத்தைத் தடைசெய்திருந்தனர். 2015 இல், ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்ததற்காகப் பதின்மூன்று இளைஞர் கொல்லப்பட்டனர் எனச் செய்திகள் வெளிவந்தன. அலீஸின் படத்தில், இடிந்த கட்டடங்களுக்கிடையே சிறுவர் உதைபந்து ஆடுகின்றனர். பந்து இல்லை. இல்லாத பந்தை ஒருவன் கடத்துகின்றான்; மற்றவன் மார்பில் ஏந்துகின்றான்; இன்னொருவன் பாய்ந்து தடுக்கின்றான். பந்து எங்கே இருக்கின்றது என்பதில் அவர்களுக்குள் ஐயமில்லை.

இதைப் பார்த்து இரங்குவது எளிது. ஆனால் படம் அந்த இரக்கத்துக்கு அதிகம் இடம் தரவில்லை என்பதே என் எண்ணம். ஏனெனில் அங்கே அறிவுடையோர் சிறுவர், அறியாதவர் பார்ப்பவர். விதி அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பந்தை நாம்தான் தேடிக்கொண்டிருக்கின்றோம். உக்ரேனில் 2023 இல் எடுத்த படத்திலும் இவ்வாறே. இராணுவ உடை தரித்த சிறுவர் மரத்துப்பாக்கிகளுடன் வீதியிற் காவலரண் அமைத்து, வரும் வாகனங்களை மறித்து, ஒரு வகை ரொட்டியின் உக்ரேனியப் பெயரைச் சொல்லும்படி கேட்கின்றனர். ரஷ்யருக்கு அச்சொல் நாவில் வராது என்பது அவர்கள் துணிபு. வளர்ந்தோர் வண்டியை நிறுத்திப் பணிவாகச் சொல்லுகின்றனர். இங்கே பார்ப்பவர் முகத்தில் எழும் சிரிப்புப் பாதியிலே நின்றுவிடுகின்றது. காவலரண்களைக் கடந்து பாடசாலை சென்ற தலைமுறையொன்று நம்மிடையேயும் உண்டு. அவர்களுட் சிலரும் இவ்விளையாட்டை ஆடியிருப்பர்.

ஆயினும் மறுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டதாக நான் கூறமாட்டேன். மோசூல் சிறுவனுக்கு வெனிஸ் மண்டபம் என்ன தந்தது என்ற கேள்வி நிற்கின்றது. கலைஞர் தரப்பில் ஒன்று சொல்லலாம். அவருடைய ஓவியங்கள் சந்தையில் விலைபோகின்றன. இத்தொடரின் படங்களையோ எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் இணையத்தில் விட்டுவைத்துள்ளார். ஆகவே நம் பாடசாலைகளில் ஒரு திரையும் ஒரு கணினியும் இருந்தாற் போதும். மாணவருக்கு இப்படங்களை எவ்வித முன்னுரையுமின்றிக் காட்டி, விதிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். சித்திர ஆசிரியரைவிடச் சமூகக்கல்வி ஆசிரியருக்கு இதில் அதிக வேலை இருக்கும்.

முதலில் எந்தப் படத்தைக் காட்டுவது என்று கேட்கும் ஆசிரியருக்கு என் விடை: கொங்கோவின் லுபும்பாஷி நகரில் 2021 இல் எடுத்தது. அப்பிரதேசம் செம்புக்கும் கொபோல்ற்றுக்கும் பேர்போனது. நம் கைத்தொலைபேசிகளின் மின்கலத்துக்கு வேண்டிய கொபோல்ற்றில் உலக உற்பத்தியிற் பாதிக்கு மேல் அந்நாட்டினது. சுரங்கக் கழிவு மலையாய்க் குவிந்து கிடக்கின்றது. கரிய அந்த மேட்டில் ஒரு சிறுவன் பெரிய ரயர் ஒன்றை உருட்டி ஏற்றுகின்றான். நெடுநேரம் ஏற்றுகின்றான். உச்சியை அடைந்ததும் ரயருக்குள்ளே தன் உடம்பை வளைத்து அமர்ந்துகொள்கின்றான். பின்பு ரயர் உருள்கின்றது, அவனும் உருள்கின்றான்.